தேர்வான தலைவரை எப்போது 'அதிபர்' என்று அழைக்கலாம்? பட்டங்களும் பதவியேற்புச் சடங்குகளும்: முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டில் தேர்தல் முடிந்து முடிவு வந்த மாலையிலேயே பட்டங்கள் குழம்பத் தொடங்கிவிடும். ஒரு செய்தி 'அதிபர்' என்கிறது, இன்னொன்று 'புதிய அதிபர்' என்கிறது, மூன்றாவது ஒன்று பதவியில் இருப்பவரை அதற்குள் 'முன்னாள் அதிபர்' ஆக்கிவிடுகிறது. வாழ்த்துக் கடிதங்கள், மேடை அறிவிப்புகள், மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றிலும் இதே குழப்பம்தான்.

அந்த நாட்டில் பதவி எந்தக் கணத்தில் கைமாறுகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பட்டம், மரியாதைச் சொல், பீரங்கி முழக்கம், நாட்டுப்பண் என எல்லாமே தன் இடத்தில் வந்து உட்காரும். அந்தக் கணத்துக்கு முன் ஒரு சொல், பின் ஒரு சொல் என்று கவனமாக எழுதுவது, வாக்களித்த மக்களுக்கும் அவர்கள் உருவாக்கிய சட்டத்துக்கும் நாம் காட்டும் மரியாதை என்று நான் நம்புகிறேன். செய்தி எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், விழா தொகுப்பாளர்கள், அமைப்புகளின் சார்பில் கடிதம் எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

படி 1: தேர்வானவர் உண்மையில் நாட்டுத் தலைவரா என்று பாருங்கள்

நாட்டுத் தலைவர் வேறு, ஆட்சித் தலைவர் வேறு. இந்தியாவிலும் ஜெர்மனியிலும் அயர்லாந்திலும் நாட்டுத் தலைவர் குடியரசுத் தலைவர். அன்றாட ஆட்சியை நடத்துபவர் பிரதமர், ஜெர்மனியில் சான்சலர். அமெரிக்கா, பிரேசில், மெக்சிகோ, கென்யா போன்ற நாடுகளில் இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே இருக்கின்றன. ஜெர்மனியின் சான்சலருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் மரபு வரிசையில் குடியரசுத் தலைவர்தான் முதலில் வருவார்.

சில நாடுகளில் இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாக முடியாது. சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் கொண்ட கூட்டாட்சிக் குழு முழுவதுமே நாட்டுத் தலைமை. அதில் ஒருவரை நாடாளுமன்றம் ஓராண்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் அவர் மற்ற ஆறு பேருக்கு மேலானவர் இல்லை. சான் மரினோவில் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் உண்டு. ஆறு மாதம்தான் பதவிக்காலம் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என இரண்டு பதவியேற்புகள் நடக்கும். பொஸ்னியாவில் மூன்று பேர் கொண்ட தலைமை, எட்டு மாதத்துக்கு ஒருமுறை அவைத் தலைவர் மாறுவார்.

தேர்ந்தெடுக்கப்படும் மன்னரும் உண்டு. மலேசியாவில் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடித் தங்களில் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வத்திக்கானில் கத்தோலிக்கத் திருச்சபையின் மூத்த குருக்களான கர்தினால்கள் தேர்ந்தெடுக்கும் திருத்தந்தை (போப்) அந்த நாட்டின் தலைவரும்கூட.

படி 2: பதவி கைமாறும் கணத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். அரசமைப்புச் சட்டத்தைத் திறந்து, நாட்டுத் தலைவர் பற்றிய பிரிவில் 'பதவி ஏற்கும் முன்', 'பதவிக்காலம் தொடங்கும்' போன்ற சொற்களைத் தேடுங்கள். கைமாறும் முறை பெரும்பாலும் பின்வருவனவற்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, உறுதிமொழி. இந்திய அரசமைப்பின் 60ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவர் பதவியில் நுழையும் முன் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். தலைமை நீதிபதி இல்லாவிட்டால் அங்குள்ள மூத்த நீதிபதி முன்னிலையில் எடுக்கலாம். அயர்லாந்திலும் பொதுவெளியில் உறுதிமொழி வாசித்துக் கையெழுத்திடுவதன் மூலமே குடியரசுத் தலைவர் பதவிக்கு வருகிறார். தென்னாப்பிரிக்காவில் அதிபராகத் தேர்வானவர் அந்தக் கணமே நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை இழக்கிறார். ஐந்து நாட்களுக்குள் உறுதிமொழி எடுத்து அதிபராக வேண்டும். இடைப்பட்ட அந்தச் சில நாட்கள் அவர் உறுப்பினரும் இல்லை, அந்தப் பதவிக்காலத்தின் அதிபராக இன்னும் உறுதிமொழி எடுத்தவரும் இல்லை.

இரண்டாவது, கடிகாரம். அமெரிக்காவில் ஜனவரி 20 நண்பகல் 12 மணிக்குப் பழைய அதிபரின் காலம் முடிந்து புதியவரின் காலம் தொடங்கிவிடும். 1933இல் நிறைவேறிய 20ஆவது அரசமைப்புத் திருத்தம் இதை உறுதி செய்தது. உறுதிமொழி அதிகாரத்தைச் செலுத்துவதற்கு முன் எடுக்க வேண்டியது என்றுதான் அங்கே சட்டம் சொல்கிறது. 2009இல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உறுதிமொழியின் சொல் வரிசையை மாற்றிச் சொல்லிவிட, எந்தச் சந்தேகமும் எழக்கூடாது என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் பராக் ஒபாமா அதை மீண்டும் எடுத்தார். 35 சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாடு இவ்வளவு மதிப்புக் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மூன்றாவது, அறிவிப்பு. பிரான்ஸ் அதிபர் உறுதிமொழி எதுவும் எடுப்பதில்லை. அதிபரின் இல்லமான எலிசே மாளிகையில் நடக்கும் விழாவில் அரசமைப்பு மன்றத்தின் தலைவர் தேர்தல் முடிவை முறைப்படி அறிவிக்கிறார், அத்துடன் பதவி கைமாறுகிறது. தென்கொரியாவில் அதிபர் பதவி காலியாகி இடையில் தேர்தல் நடந்தால் காத்திருப்புக் காலமே கிடையாது. 2017 மே 9இல் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள் காலை தேர்தல் ஆணையம் முடிவை உறுதி செய்ததுமே மூன் ஜே-இன் அதிபராகிவிட்டார். விழா அதன் பிறகுதான் நடந்தது.

நான்காவது, ஏற்பு. திருத்தந்தையாகத் தேர்வானவரிடம் 'ஏற்றுக்கொள்கிறீர்களா' என்று கேட்பார்கள். அவர் ஏற்கெனவே ஆயராக (பிஷப்பாக) இருந்தால், 'ஏற்கிறேன்' என்று சொன்ன அந்த நொடியே திருத்தந்தை. 14ஆம் லியோ 2025 மே 8 முதலே திருத்தந்தைதான். பணியேற்புத் திருப்பலி மே 18இல் நடந்தது.

விழாத் தேதியை வைத்துப் பதவித் தேதியை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு மலேசியா நல்ல உதாரணம். சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31இல் மாமன்னராகப் பொறுப்பேற்றார். அரியணை ஏறும் பெருவிழா ஜூலை 20இல்தான் நடந்தது. இடைப்பட்ட மாதங்களில் அவரை 'மாமன்னராக இருக்கப்போகிறவர்' என்று எழுதியிருந்தால் அது பெரிய பிழை.

படி 3: இடைக்காலப் பட்டத்தைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

முடிவு வந்த நாளுக்கும் பதவி கைமாறும் கணத்துக்கும் நடுவே வெற்றி பெற்றவரை 'தேர்வான அதிபர்' அல்லது 'பதவியேற்கவுள்ள அதிபர்' என்று எழுதுங்கள். 'புதிய அதிபர்' என்ற சொல் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. பதவி கைமாறிய பிறகு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பதவியில் இருப்பவர் கடைசி நிமிடம் வரை அதிபர்தான். அவரை 'முன்னாள்' என்று சொல்வது இந்தத் துறையில் நடக்கும் மோசமான தவறு. கையெழுத்து, படைத் தலைமை, மன்னிப்பு வழங்கும் அதிகாரம் எல்லாம் இன்னும் அவரிடமே இருக்கின்றன.

இடைவெளியின் நீளம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2022இல் ஜூலை 21 அன்று வாக்கு எண்ணப்பட்டது, 25 அன்று திரௌபதி முர்மு பதவியேற்றார். இலங்கையில் 2024 செப்டம்பர் 21இல் வாக்குப்பதிவு, 23இல் அநுர குமார திசாநாயக்க பதவியேற்றார். அமெரிக்காவிலோ நவம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி 20 வரை சுமார் பதினொரு வாரம். முன்பு மார்ச் 4 வரை நான்கு மாதம் இழுத்தது. 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் வென்றார். அவர் பதவியேற்கும் முன்பே ஏழு தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிவதாக அறிவித்துவிட்டன. தேர்வானவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்தவரோ போகப்போகிறவர். இப்படிப்பட்ட நீண்ட இடைவெளியின் ஆபத்துதான் பிற்பாடு தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் காரணமாயிற்று.

'தேர்வான' என்ற சொல்லையே அவசரமாகப் பயன்படுத்தக்கூடாத இடங்களும் உண்டு. கென்யாவில் முடிவை எதிர்த்து வழக்கு இல்லையென்றால், அறிவிப்புக்குப் பின் 14ஆம் நாளைத் தொடர்ந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை பதவியேற்பு. வழக்கு இருந்தால் நீதிமன்றம் தேர்தல் செல்லும் என்று சொன்ன பிறகு, ஏழாம் நாளைத் தொடர்ந்து வரும் முதல் செவ்வாய். 2017இல் ஆகஸ்ட் தேர்தல் முடிவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று ரத்தே செய்துவிட்டது. அக்டோபரில் மறுதேர்தல் நடந்து, நவம்பர் 28இல்தான் உஹுரு கென்யாட்டா பதவியேற்றார். அவர் அதுவரை பதவியில் இருந்த அதிபர் என்பதால் 'அதிபர்' என்ற பட்டம் தவறாகவில்லை. ஆனால் ஆகஸ்டிலேயே 'இரண்டாவது முறை அதிபரானார்' என்று எழுதியவர்கள் திருத்தம் போட வேண்டியிருந்தது.

படி 4: வாழ்த்துக் கடிதத்தை எப்போது அனுப்புவது

அரசுகளுக்கு இது நுணுக்கமான முடிவு. 2020 அமெரிக்கத் தேர்தலில் பல நாட்டுத் தலைவர்கள் நவம்பரிலேயே ஜோ பைடனை வாழ்த்தினார்கள். மெக்சிகோ, ரஷ்ய அதிபர்கள் டிசம்பர் நடுவில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு வாக்களிக்கும் வரை காத்திருந்தார்கள். நீங்கள் ஒரு சங்கத்தின் சார்பில் எழுதுகிறீர்கள் என்றால், தேர்தல் ஆணையத்தின் முறையான அறிவிப்பு வந்த பிறகு எழுதுங்கள். உறை மீது 'தேர்வான' என்ற அடைமொழி இருக்கட்டும். பதவியேற்புக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு சிறு கடிதம் முழுப் பட்டத்துடன் அனுப்புவது அழகான வழக்கம்.

படி 5: விழாவின் உறுப்புகளைப் பிரித்துப் பாருங்கள்

எல்லாப் பதவியேற்புகளும் ஒன்றுபோல் தெரிந்தாலும், ஒவ்வொரு சடங்கும் ஒரு வேலை செய்கிறது. எது சட்டத் தேவை, எது மரபு என்று பிரித்துவிட்டால் வர்ணனை எழுதுவது சுலபம்.

டெல்லி விழாவை எடுத்துக்கொள்வோம். 2022 வரையிலான அண்மைக்காலப் பதவியேற்புகள் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடந்தவை. விடைபெறுபவரும் வருபவரும் சேர்ந்தே ஊர்வலமாக வருகிறார்கள். தேர்தல் முடிவின் அறிவிப்பு வாசிக்கப்படுகிறது. தலைமை நீதிபதி உறுதிமொழி செய்துவைக்கிறார், புதியவர் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார், வெளியே 21 பீரங்கிக் குண்டுகள் முழங்குகின்றன. அப்புறம் இருவரும் இருக்கை மாற்றிக்கொள்கிறார்கள். புதியவர் உரையாற்றுகிறார். குடியரசுத் தலைவர் மாளிகை முற்றத்துக்குத் திரும்பியதும் முப்படை அணிவகுப்பு மரியாதை. இதில் சட்டம் கேட்பது உறுதிமொழியும் கையெழுத்தும் மட்டும்தான். ஆனாலும் அந்த இருக்கை மாற்றம், ஒரு சொல்கூட இல்லாமல், ஆட்சி அமைதியாகக் கைமாறுவதைப் பார்ப்பவர் எல்லோருக்கும் காட்டிவிடுகிறது.

ஜூலை 25 என்ற தேதியும் சட்டத்தில் எழுதியதல்ல. 1977 ஜூலை 25இல் நீலம் சஞ்சீவ ரெட்டி பதவியேற்றார். அதன் பின் ஒவ்வொருவரும் ஐந்தாண்டை முழுதாக முடித்ததால் தேதி அப்படியே நிலைத்துவிட்டது.

உறுதிமொழியை யார் செய்துவைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் தலைமை நீதிபதி செய்துவைப்பது வழக்கம் மட்டுமே. 1923இல் அதிபர் வாரன் ஹார்டிங் இறந்த செய்தி வந்த இரவில், நோட்டரியாக இருந்த சொந்தத் தந்தையின் முன்னிலையில் துணை அதிபர் கால்வின் கூலிட்ஜ் உறுதிமொழி எடுத்தார். 1963இல் கென்னடி கொல்லப்பட்ட நாளில், டல்லாஸ் விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள் நீதிபதி சாரா ஹியூஸ் முன்னிலையில் துணை அதிபர் லிண்டன் ஜான்சன் அதிபராக உறுதிமொழி எடுத்தார். இடம், கூட்டம், மேடை எதுவும் இல்லாமலும் உறுதிமொழி செல்லும்.

கடவுளின் பெயரால் எடுப்பதா, உளமார உறுதி கூறுவதா என்ற தேர்வு இந்தியாவில் உண்டு. ஜெர்மனியிலும் சமயச் சொற்களை விட்டுவிடலாம். அமெரிக்காவில் 1853இல் பிராங்க்ளின் பியர்ஸ் 'ஆணையிடுகிறேன்' என்பதற்குப் பதில் 'உறுதி கூறுகிறேன்' என்ற சொல்லைத் தேர்ந்தார். செய்தியில் எழுதும்போது அவர் உண்மையில் எதைச் சொன்னாரோ அதையே எழுதுங்கள்.

அடுத்து அடையாளப் பொருட்கள். லத்தீன் அமெரிக்காவில் தோளிலிருந்து குறுக்கே அணியும் பட்டை, அர்ஜென்டினாவில் கூடவே ஒரு கைத்தடி, சிலியில் விடுதலைத் தலைவர் ஓ'ஹிக்கின்ஸ் பெயரில் ஒரு விண்மீன் பதக்கம். கானாவில் அதிபர் அரசு வாளை ஏந்துகிறார். கென்யாவில் வாளும் அரசமைப்புச் சட்டப் பிரதியும் வழங்கப்படுகின்றன. உக்ரைனில் கதாயுதம், முத்திரை. பிரான்சில் அந்நாட்டின் உயரிய விருதான லெஜியன் தோனரின் பெருங்கழுத்தணி புதிய அதிபர் முன் கொண்டுவரப்படுகிறது. இவை மக்கள் கண்ணுக்கு ஆட்சியைக் காட்டுபவை. ஆட்சியைத் தருபவை அல்ல.

இதை இரண்டு நிகழ்வுகள் தெளிவாக்கின. 2015இல் அர்ஜென்டினாவில் பட்டையை எங்கே வைத்துக் கொடுப்பது என்ற தகராறில் விடைபெறும் அதிபர் கிறிஸ்டினா பெர்னாண்டஸ் விழாவுக்கே வரவில்லை. அவருடைய காலம் நள்ளிரவில் முடிந்ததாக நீதிமன்றம் சொல்ல, செனட்டின் இடைக்காலத் தலைவர் பெடரிக்கோ பினேடோ சுமார் 12 மணி நேரம் பொறுப்பில் இருந்து, புதிய அதிபர் மொரீசியோ மாக்ரிக்குப் பட்டையையும் தடியையும் கொடுத்தார். 2023 ஜனவரி 1இல் பிரேசிலில் விடைபெறும் அதிபர் பொல்சொனாரோ நாட்டிலேயே இல்லை. சாதாரணக் குடிமக்கள் சிலர், தேர்தலில் வென்ற லூலாவுடன் மாளிகைச் சரிவில் ஏறி வந்தார்கள். குப்பை சேகரிக்கும் ஒரு பெண் அவருக்குப் பட்டையை அணிவித்தார். லூலா அதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுத்து அதிபராகியிருந்தார். ஆனாலும் அந்த நாளில் பலர் நினைவில் வைத்திருப்பது அந்தப் பெண்ணின் கைகளைத்தான். சடங்குகளின் வலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பீரங்கி மரியாதை பற்றிச் சுருக்கமாக: நாட்டுத் தலைவருக்கு 21 என்பது உலக வழக்கம். பீரங்கிகளைச் சுட்டுக் காலியாக்கி 'பகையில்லை' என்று காட்டிய கப்பல் மரபிலிருந்து இது வந்தது. பாரிஸிலும் பதவியேற்பு நாளில் 21 முழக்கம்தான்.

படி 6: மரியாதைச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

1789இல் அமெரிக்க செனட் குழு, அதிபரை 'மேன்மை தங்கிய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவரும் அவற்றின் சுதந்திரங்களின் காவலரும்' என்ற பாணியில் அழைக்கலாம் என்று பரிந்துரைத்தது. துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் இதுபோன்ற பட்டங்களை விரும்பினார். பிரதிநிதிகள் சபை ஒப்புக்கொள்ளவில்லை. 'திரு அதிபர்' என்ற எளிய அழைப்பே நிலைத்தது. மன்னராட்சியை விட்டு வந்த குடியரசுகள் பலவும் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவில் சந்தித்திருக்கின்றன.

இந்தியாவில் 2012இல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது, உள்நாட்டு நிகழ்ச்சிகளில் 'மேதகு' என்ற பாணியிலான அழைப்பைக் கைவிட்டு 'மாண்புமிகு' என்ற அளவில் நிறுத்த முடிவானது. வெளிநாட்டுத் தலைவர்களுடனான தொடர்பில் மட்டும் பழைய மரபு தொடர்கிறது. ஐ.நா. போன்ற பன்னாட்டு மேடைகளில் நாட்டுத் தலைவர் அனைவருக்கும் 'மேதகு' பொருந்தும்.

பதவிப் பெயரை அந்தந்த நாட்டுத் தமிழ் வழக்கில் எழுதுவதே முறை. இந்தியாவுக்குக் குடியரசுத் தலைவர், இலங்கைக்கு ஜனாதிபதி அல்லது சனாதிபதி, சிங்கப்பூருக்கு அதிபர். இலங்கை மேடைகளில் 'அதிமேதகு' என்று சொல்வார்கள். மலேசியாவில் 'மாட்சிமை தங்கிய மாமன்னர்'. வத்திக்கான் தலைவர் கத்தோலிக்கத் தமிழில் திருத்தந்தை. சிங்கப்பூர் அதிபரை 'ஜனாதிபதி' என்றோ இலங்கைத் தலைவரைக் 'குடியரசுத் தலைவர்' என்றோ எழுதினால் பொருள் கெடாது, ஆனால் அங்குள்ள வாசகருக்கு வெளியிலிருந்து யாரோ எழுதியது போலிருக்கும்.

பெண் தலைவருக்குத் தமிழில் தனிப் பதவிப் பெயர் வேண்டியதில்லை. மெக்சிகோவில் 2024 அக்டோபர் 1இல் பதவியேற்ற முதல் பெண் அதிபர் கிளவுடியா ஷெயின்பாம், ஸ்பானிய மொழியில் பெண்பால் வடிவத்திலேயே தன்னை அழைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். தமிழில் 'அதிபர்' இருபாலுக்கும் பொது. 'பெண் அதிபர்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுதாமல், அது செய்தியாக இருக்கும் இடத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

படி 7: மேடைக் குறிப்பை இரண்டு தாளில் எழுதுங்கள்

விழாவைத் தொகுத்து வழங்குபவர்களுக்கும் நேரலை வர்ணனையாளர்களுக்கும் இது கைகொடுக்கும். முதல் தாள் உறுதிமொழிக்கு முன்: 'மேதகு அதிபர் அவர்களும் தேர்வான அதிபர் அவர்களும் மண்டபத்துக்குள் வருகிறார்கள்.' இரண்டாம் தாள் கையெழுத்துக்குப் பின்: 'மேதகு அதிபர் அவர்கள் இப்போது நாட்டு மக்களுக்கு உரையாற்றுவார்கள்.' இரண்டாம் தாளில் 'அதிபர்' என்பது வேறு ஆள். முதல் தாளைக் கையிலிருந்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். ஒரே தாளில் இரண்டும் இருந்தால் பதற்றத்தில் கண் பழைய வரிக்குப் போய்விடும். கடிகாரத்தால் பதவி மாறும் நாடு என்றால் தாள் மாற்றும் நேரத்தைப் பெரிய எழுத்தில் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 8: மீண்டும் தேர்வானவரும் விடைபெறுபவரும்

பதவியில் இருந்துகொண்டே மீண்டும் வென்றவருக்கு, பதவிக்காலம் இடைவெளியின்றித் தொடரும் நாடுகளில், 'தேர்வான அதிபர்' என்ற இடைநிலை இல்லை. அவர் தொடர்ந்து அதிபர்தான். 'மீண்டும் தேர்வாகியுள்ள அதிபர்' என்று எழுதலாம். உறுதிமொழி மட்டும் புதிதாக எடுக்க வேண்டும். 2013இல் ஜனவரி 20 ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் ஒபாமா அன்று வெள்ளை மாளிகையில் எளிமையாக உறுதிமொழி எடுத்தார், திங்களன்று மக்கள் முன்னிலையில் மறுபடியும் எடுத்தார். 2009இல் எடுத்த இரண்டையும் சேர்த்தால் நான்கு முறை. நான்கு தேர்தலில் வென்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இணையான எண்ணிக்கை இது. இப்படிப்பட்ட நாளில் 'ஞாயிறு பதவியேற்றார், திங்கள் பதவியேற்பு விழா' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

விடைபெறுபவர் பதவி கைமாறிய அதே கணத்தில் 'முன்னாள் அதிபர்' ஆகிறார், அவர் இன்னும் மேடையிலேயே உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். பல நாடுகளில் பழைய தலைவரை மரியாதைக்காக 'அதிபர்' என்றே பேச்சில் அழைப்பார்கள். எழுத்தில், அதுவும் புதியவர் பெயர் வரும் அதே பத்தியில், 'முன்னாள்' என்பதை விட்டுவிடாதீர்கள்.